நெருப்புக் குழியும் பளிங்கு நகரமும்: துர்க்மெனிஸ்தானில் ஐந்து நாட்கள்

துர்க்மெனிஸ்தானுக்குச் சுற்றுலா விசாவில் போகிறவர், நாங்கள் சென்றபோது நடைமுறையில் இருந்த விதிப்படி, தம் விருப்பத்துக்கு ஊர் சுற்ற இயலாது. அந்நாட்டு நிறுவனம் ஒன்று அரசிடம் அழைப்புக் கடிதம் பெற்றுத் தர வேண்டும். அதன் வழிகாட்டி எல்லைச் சாவடிக்கே வந்து நம்மை அழைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும் சாவடி வரையிலும் உடன் வர வேண்டும். வேறு நாடுகளில் வழிகாட்டியை வேண்டுமானால் அமர்த்திக்கொள்ளலாம். இங்கே அவர் நுழைவுச் சீட்டோடு ஒட்டியே வருகிறார். சென்ற அக்டோபரில் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆறு பேர் சேர்ந்து போய்வந்த தரைவழிப் பயணத்தை மதிப்பிட உட்கார்ந்தபோது, கட்டாயத்தின் பேரில் பணம் கொடுத்து வாங்கிய இந்தத் துணை எங்கே பயன்பட்டது, எங்கே காலைச் சுற்றிய கயிறாக இருந்தது என்பதே முதலில் நினைவுக்கு வந்தது.

தொகுப்பை விற்றவர் புதுச்சேரியில் உள்ள ஒரு பயண முகவர். அங்கே நடத்தியது தலைநகர் அஷ்காபாத்தின் ஒரு நிறுவனம். ஆளுக்கு ஏறத்தாழ 80,000 ரூபாய். நான்கு இரவுத் தங்கல், இரண்டு நான்கு சக்கர இயக்க வண்டிகள், வழிகாட்டி, காலை உணவு, பாலைவனத்தில் ஒரு இரவு உணவு ஆகியவை இதில் அடங்கும். விமானக் கட்டணமும், எல்லையில் டாலராகச் செலுத்த வேண்டிய விசாக் கட்டணமும் தனி. டெல்லி வழியாகத் தாஷ்கண்ட் சென்று, உஸ்பெகிஸ்தானின் கீவா நகரில் இரண்டு நாள் தங்கி, அங்கிருந்து ஷாவத் எல்லை வழியாக உள்ளே நுழைந்து, நாட்டின் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி, பிறகு கிழக்கே திரும்பி, ஃபராப் எல்லை வழியாக மீண்டும் உஸ்பெகிஸ்தானுக்குள் வந்து சேர்வதே திட்டம்.

வழியைக் கவனித்தால், உஸ்பெகிஸ்தானுக்குள் இருமுறை நுழைய வேண்டியிருப்பது தெரியும். எங்கள் முகவரோ ஒருமுறை நுழைவதற்கான மின்விசாவுக்கே விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார். இலாசுப்பேட்டையில் இருக்கும் என் மைத்துனர் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "மாமா, திரும்பி வரும்போது நம்மள யாரு உள்ள விடுவாங்க?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. முகவர் வருத்தம் தெரிவித்தார். இருமுறை நுழையும் விசாவுக்கு மறுபடியும் கட்டிய கட்டணத்தை மட்டும் எங்கள் தலையிலேயே வைத்துவிட்டார்.

மருந்துகளைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுபதைத் தாண்டியவர்கள் வெளிநாடு போனால் கைப்பையில் பாதி மாத்திரையாகத்தான் இருக்கும். இந்த இரு நாடுகளிலும் கோடீன், டிராமடால் போன்ற வலி நிவாரணிகளுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மருத்துவரின் சீட்டு இல்லாமல் வைத்திருப்பது பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். முழங்கால் வலிக்காக என் மனைவி சாப்பிட்டு வந்த மாத்திரையில் டிராமடால் கலந்திருப்பதைக் கடலூரில் எங்கள் மருத்துவர்தான் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். ஷாவத் சாவடியில் ஒவ்வொரு அட்டையையும் எடுத்துப் பெயர் படித்தார்கள் என்பதால், இதைச் சிறிய விஷயமாக யாரும் எண்ண வேண்டாம். சாவடியைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மடிப்பு விழுந்த டாலர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுபுறத்தில் காத்திருந்த முதல் வழிகாட்டி, முப்பது வயதைத் தாண்டாத இளைஞர், வரலாறு படித்தவர். ஆங்கிலம் நிதானமாகவும் தெளிவாகவும் பேசினார். எல்லைக்கு அருகிலுள்ள தாஷோகுஸ் நகரிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோன்யே ஊர்கெஞ்சில் அவர் எங்களோடு செலவிட்ட இரண்டரை மணி நேரத்துக்கே தொகுப்பின் கால்வாசிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். ஒரு காலத்தில் குவாரெஸ்ம் நாட்டின் தலைநகராக இருந்த இவ்வூரை 1221-இல் மங்கோலியரும், 1388-இல் தைமூரும் அழித்தார்கள். எஞ்சியவை வெட்ட வெளியில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி நிற்கும் சில கல்லறை மண்டபங்களும், மினார் எனப்படும் ஒரு தூபியுமே. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடமாக இருந்தும், அன்று எங்களைத் தவிர வெளிநாட்டார் ஒருவரும் இல்லை.

குத்லுக் தைமூர் தூபி ஏறத்தாழ 60 மீட்டர் உயரம்; செங்கல்லால் மட்டுமே கட்டி, மேலே போகப் போகக் குறுகும் வடிவம். பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் மதகும் கால்வாயும் பார்த்தே கழித்தவன் என்பதால், அது சற்றுச் சாய்ந்து நிற்பது வண்டியிலிருந்து இறங்கும்போதே என் கண்ணில் பட்டுவிட்டது. அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். வழிகாட்டி தனக்குத் தெரியாது என்று நேராகச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வழிகாட்டியை என் அனுபவத்தில் அரிதாகவே கண்டிருக்கிறேன். துராபெக் கானும் என்ற அரச குலப் பெண்ணின் பெயர் தாங்கிய மண்டபத்துக்குள் எங்களை அழைத்துச் சென்று, எதையும் விளக்காமல், முதலில் அண்ணாந்து பார்க்கச் சொன்னார். குவிமாடத்தின் உட்புறம் முழுதும் நீலமும் பொன்னும் கலந்த ஓட்டுச் சித்திரம். 365 பிரிவுகள் கொண்ட அந்த வேலைப்பாடு ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள். கழுத்து வலிக்கும்வரை நாங்கள் பார்த்து முடித்த பிறகுதான் அவர் பேசத் தொடங்கினார். பேரறிஞர் அல்பிரூனி இவ்வூர் அரசவையில் இருந்தவர் என்பதையும், 1017-இல் கஜினி மகமூது இந்நாட்டைக் கைப்பற்றியபோது அவரையும் கொண்டுசென்றார் என்பதையும், அதன் பிறகே அவர் இந்தியாவைப் பற்றி விரிவாக எழுதினார் என்பதையும் கோவையாகச் சொல்லி, "உங்கள் நாட்டைப் பற்றி நாங்கள் பள்ளியிலேயே படிக்கிறோம்" என்று முடித்தார்.

அருகிலேயே கிர்க் மொல்லா என்ற மேடு இருக்கிறது. நாற்பது முல்லாக்கள் என்று பொருளாம். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் அதன் உச்சியில் படுத்து, சரிவில் உருண்டு கீழே வருகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் உருண்டு இறங்கி, எழுந்து, தலைத்துணியில் ஒட்டிய முள்ளை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அங்கப்பிரதட்சணந்தான், ஆனா மலையில" என்றார் என் மனைவி. வழிகாட்டிக்கு அங்கப்பிரதட்சணம் என்றால் என்னவென்று விளக்க முத்தியால்பேட்டையிலிருந்து வந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியைக்குப் பத்து நிமிடம் பிடித்தது. வழிகாட்டி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அங்கிருந்து தர்வாசா எரிவாயுக் குழிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். சாலை என்று அதைச் சொல்வது மரியாதைக்காகத்தான். நாட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும் காரகும் பாலைவனத்தின் நடுவே, உடைந்து அலை அலையாய்க் கிடக்கும் தாரில் ஓட்டுநர்கள் ஒரு பள்ளத்தைத் தவிர்க்க இன்னொன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். சில இடங்களில் சாலையை விட்டு இறங்கி, பக்கத்து மணல் தடத்திலேயே ஓட்டினார்கள். ஆறு மணி நேரம் பிடித்தது. முதுகு வலி உள்ளவர்கள் இந்தத் தொகுப்பை எடுக்கும் முன் நன்கு யோசிக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் இதற்கு "இனிய பாலைவனப் பயணம்" என்று பெயர். குழிக்குப் பிரியும் மண் பாதை வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினார். மணலில் சக்கரம் அகலமாகப் பரவிப் பிடிப்பதற்கான வழி அது. காற்று இறங்கும் சீறலைக் காதால் கேட்டே அளவு பார்த்தார்; அளவுமானி எதையும் கையில் எடுக்கவில்லை.

முகவர் கொடுத்த விளம்பரத் தாளில் அந்தக் குழி முழுதும் தீக்கடலாகக் கொந்தளிக்கும் படம் இருந்தது. நாங்கள் கண்டது வேறு. ஏறத்தாழ 70 மீட்டர் அகலமும் 30 மீட்டர் ஆழமும் கொண்ட பள்ளத்தின் அடியிலும் சுவரோரத்திலும் திட்டுத் திட்டாகத் தீ எரிகிறது. சில பகுதிகள் கறுத்து அணைந்து கிடக்கின்றன. "ஏங்க, நெய்வேலிச் சுரங்கத்துல ஒரு மூலைக்குக் கூட வராதே" என்று என் மனைவி மெதுவாகச் சொன்னார். கடலூர் மாவட்டத்துக்காரர்களைப் பள்ளத்தைக் காட்டி மலைக்க வைப்பது எளிதில்லை.

சோவியத் காலத்தில் எரிவாயு தேடித் துளையிட்டபோது நிலம் உள்வாங்கியதாகவும், கசிந்த வாயுவை எரித்துத் தீர்க்க வைத்த தீ அணையவே இல்லை என்றும் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் 1971 என்று ஆண்டு குறிப்பிடுகிறார்கள். வாயு வீணாவதைக் காரணம் காட்டி, அதை அணைக்க வழி காணுமாறு அன்றைய அதிபர் குர்பான்குலி பெர்திமுகமேதவ் 2010-இலும் 2022-இலும் உத்தரவிட்டார். சுற்றிலும் கிணறுகள் தோண்டி மீத்தேனை வேறு வழியில் இழுத்த பிறகு தீ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாக 2025-இல் அந்நாட்டு அதிகாரிகளே அறிவித்தார்கள். வழிகாட்டி இதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். முகவர் மட்டும் பழைய படத்தை வைத்தே விற்றுக்கொண்டிருக்கிறார். இந்தப் பயணத்தின் உச்சம் என்று விலை பேசப்படும் ஒன்று ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே வருகிறது என்பதை வாங்குபவரிடம் சொல்லாமல் விடுவது நேர்மையான வணிகமாகாது.

ஆயினும் அந்த இரவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பத்து மணிக்கு மேல் மற்றக் கூட்டத்தார் கூடாரங்களுக்குத் திரும்பிய பிறகு, 2018 வாக்கில் போடப்பட்ட வேலியை ஒட்டி நாங்கள் மட்டும் நின்றோம். காற்று திசை மாறும்போதெல்லாம் சூளை வாயைத் திறந்தாற்போல வெப்பம் முகத்தில் அடித்தது. அடுத்த கணமே முதுகில் பாலைவனக் குளிர் ஏறியது. தீக்கு ஒரு ஓசை இருக்கிறது. மண்ணெண்ணெய் அடுப்பு முழு வேகத்தில் எரிவதைப் போன்ற, இடைவிடாத இரைச்சல். அதைப் படமோ காணொளியோ எனக்கு முன்னரே சொல்லவில்லை. மேரி நகருக்கு அருகில் 2015 டிசம்பரில், அப்போதைய நம் குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி உள்ளிட்டோர் முன்னிலையில் தொடங்கப்பட்ட குழாய்த் திட்டப்படி, இந்நாட்டு எரிவாயு ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இந்தியா வரை வந்திருக்க வேண்டும். அது இன்னும் வந்து சேரவில்லை. இங்கே அதே வாயு யாருக்கும் பயனில்லாமல் எரிந்துகொண்டிருக்க, வீட்டில் சிலிண்டர் பதிவு செய்துவிட்டு வந்தோமா என்று மைத்துனரின் மனைவி கேட்டார்.

தங்கியது யுர்ட் எனப்படும் வட்டக் கம்பளிக் கூடாரத்தில். உள்ளே சக்சாவுல் என்ற பாலைவன மரத்தின் விறகு எரியும் இரும்பு அடுப்பு, தரையில் மெத்தை, போர்வை போதுமான அளவு. கழிப்பறை ஐம்பது அடி தள்ளி, தண்ணீர் வாளியில். முட்டி மடக்க முடியாதவர்களுக்குத் தரைப் படுக்கை சிரமம் என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

உணவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்களின் முதல் கேள்வி அதுதான். அசைவம் சாப்பிடுகிறவருக்கு இது நல்ல நாடு. சக்சாவுல் கரியில் வாட்டிய ஆட்டிறைச்சி, இறைச்சியும் வெங்காயமும் வைத்துச் சுட்ட இச்லெக்லி, காரட்டும் கொழுப்பும் மினுங்கும் புலாவ் எல்லாமே தரமாக இருந்தன. மூன்று சைவர்களுக்கோ வெள்ளரி, தக்காளி, தயிர், முலாம்பழம், ரொட்டி ஆகியவையே ஐந்து நாளும் சுழன்று வந்தன. ஒரு உணவகத்தில் புலாவிலிருந்து கறித்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இப்போது இது சைவம் என்று கொண்டுவந்து வைத்தார்கள். முகவர் "சைவ உணவு உறுதி" என்று எழுத்தில் கொடுத்திருந்தார் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும்தான் மானத்தைக் காத்தன. ஆனால் அந்த ரொட்டி தனிச் சிறப்பு. சோரெக் என்று பெயர்; தம்தீர் என்ற மண்ணடுப்பின் உட்சுவரில் அப்பிச் சுடுகிறார்கள். கூடாரத்தில் சமைத்த அம்மாள், கையை முழங்கை வரை அடுப்புக்குள் விட்டு, நடுவில் முள் அச்சுக் குத்திய வட்டத்தை ஒட்டிவிட்டு எடுத்தார். ரொட்டியை நான் தவறிக் குப்புற வைத்தபோது, ஒன்றும் சொல்லாமல் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். குப்புற வைப்பது அவர்களுக்கு அவமரியாதை. தேநீரை முதலில் கிண்ணத்தில் ஊற்றி, மறுபடி கெண்டியிலேயே கொட்டி, இப்படி மூன்று முறை செய்த பிறகே குடிக்கக் கொடுக்கிறார்கள். நம் டீக்கடை ஆற்றலுக்கு இது தூரத்து உறவாக இருக்கலாம்.

அஷ்காபாத்துக்கு ஒன்றரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். அரை நாள் போதும். புதுச்சேரியிலும் வெள்ளை நகரம் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே வெள்ளையைத் தேடினால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும்தான் அதிகம். அஷ்காபாத்தோ உண்மையிலேயே வெள்ளை. வெள்ளைப் பளிங்குக் கட்டடங்கள் மிக அடர்ந்த நகரம் என்று 2013-இல் கின்னஸ் சான்று பெற்றது: 543 புதிய கட்டடங்கள், 45 லட்சம் சதுர மீட்டருக்கு மேல் பளிங்கு. கார்களும் வெள்ளை. தெருவில் நடப்பவர்களைத்தான் காணவில்லை. அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்கக் கூடாது. எது அரசுக் கட்டடம் என்று பிரித்தறிவதும் கடினம். சமூக ஊடகங்கள் பெரும்பாலும் திறப்பதில்லை. பாலைவனத்தில் கேட்ட கேள்விக்கெல்லாம் நேராகப் பதில் சொன்ன அதே இளைஞர், நகரத்துக்குள் நுழைந்ததும் ஆண்டும் உயரமும் மட்டும் சொல்லும் மனிதராக மாறிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நகரத்தில் வழிகாட்டி யாருக்காக உடன் வருகிறார் என்ற கேள்வி எழாமலும் இல்லை.

இத்தனை பளிங்கு ஏன் என்பதற்கு விடை 1948 அக்டோபர் 6-இல் இருக்கிறது. அன்று நள்ளிரவுக்குப் பின் வந்த நிலநடுக்கத்தில் நகரம் ஏறக்குறைய முழுதும் இடிந்து, பல பத்தாயிரம் பேர் மாண்டார்கள். முதல் அதிபர் நியாசோவின் தாயும் அதில் இறந்தார். பழைய ஊர் என்று காட்ட அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. நினைவுச் சின்னத்தின் முன் வழிகாட்டி சிறிது நேரம் பழைய மனிதரானார். மற்றபடி, 91 மீட்டர் உயரத் தூபிகள் கொண்ட கிப்ஜாக் பள்ளிவாசல், பண்டைய ஈரானியப் பேரரசினரான பார்த்தியரின் நிசா கோட்டை, அருங்காட்சியகத்தில் இருக்கும் நிசாவின் தந்தக் கொம்புக் கிண்ணங்கள் ஆகிய மூன்றும் பார்க்கத் தக்கவை. மூன்றிலும் கிண்ணங்களுக்கே என் ஓட்டு.

நான்காம் நாள் காலையில் வழிகாட்டி மாறினார். தொகுப்பு சரிந்ததும் அங்கேதான். புதியவர் புறப்பட்டவுடன் எங்களை ஒரு கம்பளக் கடைக்கு அழைத்துப்போனார். கம்பளம் அந்நாட்டுக் கொடியிலேயே இடம்பெற்ற பெருமை உடையதுதான். ஆனால் வெளியே கொண்டுபோகத் தனிச் சான்று வேண்டும், எங்களில் யாருக்கும் வாங்கும் எண்ணமும் இல்லை. ஒன்றரை மணி நேரம் போயிற்று. பிறகு 350 கிலோமீட்டர் ஓட்டம். வழியில் காரகும் கால்வாயைக் கண்டபோது நிறுத்தச் சொன்னேன்; இரண்டு நிமிடம் கொடுத்தார். 1954-இல் தொடங்கி 1,300 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட அக்கால்வாய் அமு தாரியா ஆற்றின் நீரைப் பாலைவனத்துக்குள் கொண்டுசெல்கிறது. கரையும் படுகையும் பெரும்பாலும் பூசப்படாத மண் என்பதால் கசிவும் பெரிது. ஆரல் கடல் வற்றியதில் இதற்கும் பங்கு உண்டு. கீழணையிலிருந்து வடவாற்றில் விட்ட தண்ணீர் வீராணம் போய்ச் சேருமுன் எவ்வளவு காணாமல் போகும் என்று கணக்கெழுதிய எனக்கு, அந்த மண் கரையில் இன்னும் சற்று நிற்க வேண்டும்போல் இருந்தது.

மேரி நகரை அடுத்துள்ள மெர்வை அடைந்தபோது சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. ஐந்து மதில் நகரங்கள் அடுத்தடுத்து எழுந்து கிடக்கும், 1221-இல் மங்கோலியரால் அழிக்கப்பட்ட, பட்டுப்பாதையின் மாபெரும் நகரம் அது. நிரலில் மூன்று மணி நேரம். கிடைத்தது ஐம்பது நிமிடம். சுல்தான் சஞ்சாரின் கல்லறை மண்டபத்தையும், நெருக்கி நிறுத்திய தூண்களைப் போன்ற மண் சுவர் கொண்ட கிஸ் காலாவையும் பார்த்தோம். அம்மதில் நகரங்களில் ஒன்றான கியாவுர் காலாவில் இருந்த பௌத்த ஸ்தூபியின் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஊரிலிருந்தே நான் எண்ணி வந்திருந்தேன். பௌத்தம் மேற்கே எட்டிய கடைசி எல்லைகளில் ஒன்று அது. வடமொழிச் சுவடிகள் வைத்த சாடி கிடைத்ததும் அங்கேதான். நேரமில்லை என்றார். மறுநாள் காலை வரலாமே என்றதற்கு, எல்லைச் சாவடியைக் காரணம் காட்டினார். அரிக்கமேட்டுக்குப் போய்த் தரையில் ஒன்றும் தெரியாமல் திரும்புகிறவர்களைப் பார்த்து நான் அனுதாபப்பட்டதுண்டு. மெர்வில் அனைத்தும் கண்ணெதிரே இருக்க, பார்க்காமல் திரும்பினோம். தனியாக வந்திருந்தால் ஒரு வாடகைக் காரில் மறுநாள் விடியலிலேயே போயிருப்பேன். விதி அதற்கு இடம் தரவில்லை.

இதே வழியில் போக எண்ணுபவர் முன்பணம் கட்டும் முன் முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. வழிகாட்டி நடுவில் மாறுவாரா என்று கேளுங்கள். அஷ்காபாத்தின் ஒரு நாளைக் குறைத்து மேரியில் கூட்டச் சொல்லுங்கள்; விலை மாறாது. குழியின் அண்மைக்காலப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஐந்துக்கு மூன்று என்று நான் மதிப்பெண் இடுவேன். அந்த மூன்றும் முதல் இரண்டு நாட்களுக்கே.

ஐந்தாம் நாள் பிற்பகல், துர்க்மெனாபாத்தைத் தாண்டி, 2017-இல் திறந்த பாலத்தின் மேல் அமு தாரியாவைக் கடந்தோம். பாலத்தில் வண்டி நிற்கக் கூடாது. மேல்நிலத்திலேயே கால்வாய்க்குக் கொடுத்தது போக எஞ்சிய ஆறு, பழுப்பு மணல் திட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று கிளையாகப் பிரிந்து, கோடையில் தென்பெண்ணை கிடப்பதைப் போல அகன்று கிடந்தது. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார். சாவடி மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.